கலியபெருமாள் கிணற்று உப்பு

கலியபெருமாளுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது ஊரறிந்த சங்கதி. டீ ஆறிப்போனால் கோபம், பஸ் நிற்காமல் போனால் கோபம், யாரும் எதுவும் செய்யாமல் சும்மா இருந்தால் அதற்கும் ஒரு கோபம். ஆனால் அந்தத் தை மாதம் அவருடைய கோபமெல்லாம் ஒன்றின் மேல்தான் இருந்தது. அது அவருடைய சொந்தக் கிணறு.

சுனாமி வந்து ஒரு வருஷம் கடந்துவிட்டது. அன்றைக்குக் கடல் ஓடை வழியாகப் புகுந்து, மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி, அவர் பயிர் வைக்கும் கொல்லை வரைக்கும் வந்து கிணற்றை நிரப்பிவிட்டுப் போயிற்று. உயிர் தப்பியதே பெரிசு என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் சொன்னார். சொல்லிவிட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் விட்டார். உடனே துப்பினார். சுற்று வட்டாரத்தில் பருப்பு வேகவைக்க இந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்படிப்பட்ட கிணறு. இனி இந்தத் தண்ணீரைப் பாய்ச்சினால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை முளைக்காது, கோரைகூட யோசித்துத்தான் முளைக்கும்.

அலை வந்துபோன அடுத்த மாதமே பல்கலைக்கழகத்திலிருந்து ஜெயப்ரியா வந்தாள். ஆராய்ச்சி மாணவி. கையில் பேனா மாதிரி ஒரு மீட்டர், ஜீப் நிறையக் காலி பாட்டில்கள். கடலோர ஊர்களில் அலை புகுந்த கிணறுகளிலெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவதுதான் அவள் வேலை.

“ஏம்மா, உப்புத் தண்ணின்னு நாக்குல வச்சாலே தெரியுது. இதுக்கு இன்னாத்துக்கு ஜீப்பும் பாட்டிலும்?” என்றார் கலியபெருமாள்.

“உப்புன்னு நாக்கு சொல்லும் ஐயா. போன மாசத்த விடக் கொறஞ்சிருக்கான்னு சொல்லுமா?”

பதில் இல்லாவிட்டால் அவருக்கு இன்னும் கோபம் வரும். வந்தது.

அதற்குள் ஊரில் பாதிப் பேர் டீசல் எஞ்சினை வைத்துக் கிணற்றை இறைத்துத் தள்ள ஆரம்பித்திருந்தார்கள். ஜெயப்ரியா கொல்லை கொல்லையாகப் போய் அதை நிறுத்தச் சொன்னாள். “வேகமா எறைச்சீங்கன்னா அடியில இருக்குற கடல் தண்ணி மேல ஏறிடும். மழை வரட்டும். மழையே கழுவி விட்டுடும்” என்றாள். படித்த பெண் வயல் வரப்பில் நின்றுகொண்டு மழையை நம்பச் சொன்னது பலருக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனாலும் எஞ்சினை நிறுத்தினார்கள். டீசலாவது மிச்சம்.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிய மழை இருக்கிறதே, வானம் பொத்துக்கொண்டது என்பார்களே, அதுதான். மழை நின்றதும் கிணறுகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. பக்கத்துக் கொல்லை முத்தம்மாள் கிணறு முதலில் நல்லதாயிற்று. பிறகு சுப்ராயன் கிணறு. பல்கலைக்கழகம் சொன்னது சொன்னபடி நடந்தது. அந்தப் பெண் மாதாமாதம் அளந்து வைத்ததைக் காட்டித்தான் கடலோரத்து மற்ற ஊர்களிலும் எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள் என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

கலியபெருமாள் கிணறு மட்டும் அடம் பிடித்தது. மழையில் உப்பு இறங்கிக்கொண்டுதான் வந்தது. பிறகு என்ன நினைத்ததோ, திரும்பவும் ஏறத் தொடங்கியது. ஜெயப்ரியா மீட்டரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். “எல்லாக் கெணறும் ஒரு மாதிரி போகுது, உங்க கெணறு மட்டும் வேற மாதிரி போகுதுங்க” என்றாள்.

“அது என்னை மாதிரி” என்றார் அவர். அவர் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

கொல்லையை ஒட்டி நடராசனின் உப்பளம். ஆள் நல்லவன்தான், ஆனால் உப்பளக்காரன் கண்ணுக்குச் சமமான நிலமெல்லாம் உப்புப் பாத்தியாகத்தான் தெரியும். “ஏம்பா கலியபெருமாளு, தண்ணி உப்பாயிடுச்சி. இனிமே இத வச்சிகினு இன்னா பண்ணப் போற? எனக்குக் குடுத்துடு, பாத்தி கட்டிக்கிறேன். தை முடியறதுக்குள்ள சொல்லு, சீசன் வந்துடும்” என்று அவன் கேட்டு வைத்திருந்தான்.

ஒருதரம் பாத்தி கட்டி உப்புத் தண்ணீரைத் தேக்கிய மண் அதற்கப்புறம் கொல்லையாகாது. அது கலியபெருமாளுக்குத் தெரியும், அவர் மனைவி அருக்காணிக்கும் தெரியும். பயிர் இல்லாத அந்த ஒரு வருஷமாக அருக்காணி நடராசனின் உப்பளத்துக்குத்தான் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். கொல்லையைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாயில் வைக்க மறந்துவிடுவாள். கலியபெருமாள் அதைப் பார்ப்பார். அந்த வருத்தத்தையும் கோபமாகத்தான் காட்டத் தெரியும் அவருக்கு.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். ஜெயப்ரியா கொண்டு போகிற இந்த மாதத்துப் பாட்டில்தான் கடைசி. இதிலும் உப்பு என்றால் நடராசனிடம் தலையாட்டிவிடுவது. அதை அவளிடமும் சொல்லிவிட்டார்.

வழக்கமாக மாதம் ஒருதரம் வருகிற பெண், அந்தத் தடவை ஒரே வாரத்தில் திரும்பி வந்தாள். ஜீப்பைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு வரப்பின் மேல் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

“ஐயா, கொல்லைய வித்துட்டீங்களா?”

“இல்ல. ஏன்?”

“அப்பாடா” என்று கிணற்று மேட்டில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. “உங்க கெணத்துல இருக்குறது கடல் உப்பு இல்லீங்க.”

கலியபெருமாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “உப்புல கடல் உப்பு, காட்டு உப்புன்னு இருக்குதா?”

“இருக்குது. கடல் தண்ணில வெறும் உப்பு மட்டும் இல்ல, மக்னீசியம், புரோமைடுன்னு என்னென்னவோ கலந்திருக்கும். பாத்தியில உப்பு வெளைஞ்சதும் கடைசியா ஒரு கசப்புத் தண்ணி நிக்குமே, அத வெளிய தொறந்து வுடுவாங்க இல்ல? அதெல்லாம் அந்தக் கசப்புத் தண்ணியோட போயிடும். உப்பு மட்டும் தங்கும். மத்த கெணத்துல எல்லாம் மிச்சம் இருக்குற உப்போட கடல் தண்ணியோட அடையாளமும் இருக்குது. உங்க கெணத்துல உப்பு மட்டும் ஏறுது, கூட வரவேண்டியது எதுவும் ஏறல. லேபுல மூணுதரம் பாத்துட்டேன். எங்க சாரும் பாத்துட்டாரு.”

“அதனால?”

“இது பாத்தியில வெளைஞ்ச உப்பு. யாரோ கொண்டாந்து கொட்டுறாங்க.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் கலியபெருமாள் எழுந்துவிட்டார். பாத்தியில் விளைந்த உப்பு யாரிடம் இருக்கும்? கொல்லை யாருக்கு வேண்டும்? கூட்டிக் கழித்துப் பார்க்கப் பல்கலைக்கழகம் தேவையில்லை. மடித்துக் கட்டிய வேட்டியோடு வரப்பில் இறங்கி நடந்தார். ஜெயப்ரியா, “ஐயா, ஐயா” என்று பின்னாலேயே ஓடினாள்.

உப்பளத்தில் சீசனுக்குப் பாத்தியைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். பெண்கள் வரிசையாக நின்று களிமண்ணைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அதில் அருக்காணியும் ஒருத்தி. நடராசன் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றான்.

“டேய்! என் கெணத்துல உப்பு கொட்டுனியாடா?” கலியபெருமாள் சட்டையைப் பிடித்துவிட்டார். குடை பாத்தியில் விழுந்தது.

“இன்னாது? உப்பா? ஏம்பா, விக்கிற சரக்க எவனாவது கெணத்துல கொட்டுவானா? உனக்குப் புத்தி கித்தி…”

“கொல்லைய புடுங்க வேற வழி தெரியல, அதானே?”

“ஐயோ, நான் கோயில்ல கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்றேன்யா! வுடுய்யா!”

மிதித்துக்கொண்டிருந்த கால்களெல்லாம் நின்றுவிட்டன. கலியபெருமாள் கை ஓங்கிவிட்டது. அப்போதுதான் முழங்கால் வரை சேறோடு அருக்காணி பாத்தியிலிருந்து ஏறி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அவர வுடு” என்றாள். “நான்தான் கொட்டுனேன்.”

ஓங்கிய கை அப்படியே நின்றது. அதை எங்கே இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

“முத்தம்மா கெணறு நல்லாயிடுச்சி. சுப்ராயன் கெணறு நல்லாயிடுச்சி. நம்ம கெணறு மட்டும் சீக்கிரம் தேறல” என்று ஆரம்பித்தாள் அருக்காணி. “ஊரே வந்து மொண்டுகினு போன கெணறு. எத்தினி பேரு கண்ணு பட்டிருக்கும்! அதான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம, நீ டீ குடிக்கப் போனப்பறம், ஒரு மரக்கா உப்ப எடுத்து கெணத்தச் சுத்திப் போட்டேன்.”

“சுத்திட்டு?”

“கொழந்தைக்குச் சுத்திப் போட்டா உப்ப தண்ணில கரைக்கிறோம் இல்ல? கெணத்துக்குச் சுத்திப் போட்டா எதுல கரைக்கிறது? கெணத்துலதான கரைக்கணும்!”

அதில் ஒரு நியாயம் இருந்தது.

“உப்பு கரையிற மாதிரி கண்ணேறு கரைஞ்சிடும்னு நெனச்சேன். கரையல. இன்னும் உப்பு ஏறுதுன்னு இந்த மீட்டர் பாப்பா சொல்லிச்சி. பெரிய கண்ணா இருக்குதுன்னு இன்னும் அரை மரக்கா சேத்துப் போட்டேன்.”

முதலில் சிரித்தது நடராசன்தான். பிய்ந்துபோன சட்டைப் பொத்தானைச் சேற்றில் தேடிக்கொண்டே சிரித்தான். பிறகு பாத்தியில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அருக்காணி மட்டும் சிரிக்கவில்லை. “என் கையாலயே கெடுத்துட்டேனே” என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஜெயப்ரியா அவள் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டாள். “அழாதீங்கக்கா. உங்க கெணறு மழையிலயே தேறிடுச்சி. நீங்க போட்டது மேலாக்க போட்ட உப்பு, கெணத்தோட நிக்குது. எறைச்சா போயிடும். எங்க டிபார்ட்மெண்டுல என்னென்னவோ யோசிச்சோம். பூமிக்கு அடியில பழைய ஓடை இருக்குமோன்னுகூட படம் போட்டுப் பாத்தோம். கெணத்துக்குச் சுத்திப் போடுவாங்கன்னு ஒருத்தருக்கும் தோணல.”

கலியபெருமாள் கோபம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தார். வரவில்லை. நெஞ்சின் மேல் ஒரு வருஷமாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போய்விட்டது, அவ்வளவுதான். விற்க வேண்டாம். கொல்லை கொல்லையாகவே இருக்கும். வரப்பிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“எஞ்சின் வேணுமாப்பா?” என்றான் நடராசன். “என்னுது சும்மாதான் இருக்குது. எடுத்துகினு போ. சட்டைக்கு மட்டும் ஒரு பொத்தான் தெச்சிக் குடுக்கச் சொல்லு.”

“இப்ப எறைக்கலாமா?” என்று கலியபெருமாள் ஜெயப்ரியாவைப் பார்த்துக் கேட்டார். ஒரு வருஷத்தில் அவளிடம் அவர் அனுமதி கேட்டது அதுதான் முதல்தரம்.

“இப்ப தாராளமா எறைக்கலாம். ஆனா பொறுமையா. ஊற ஊற எறைங்க.”

அப்படியே செய்தார்கள். இறைத்த தண்ணீர் வாய்க்கால் வழியாக உப்பளத்துக்கே போயிற்று. கிணறு ஊறியது, மறுபடியும் இறைத்தார்கள், மறுபடியும் ஊறியது. அந்த வாரத்து வெள்ளிக்கிழமை அருக்காணி காலையில் கிணற்றுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. கலியபெருமாளும் டீக்கடைக்குப் போகவில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று.

ஜெயப்ரியா வந்து மீட்டரைத் தண்ணீரில் வைத்த அன்று முத்தம்மாள், சுப்ராயன், நடராசன் என்று ஒரு கூட்டமே கிணற்று மேட்டில் நின்றது. மீட்டர் எண்களை மாற்றி மாற்றிக் காட்டி ஓரிடத்தில் நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“குடிக்கலாம்” என்றாள்.

கலியபெருமாள் வாளியோடு வாயில் சாய்த்துக்கொண்டார். பாதி சட்டையில் வழிந்தது. “மல்லாட்டை போடலாமா?” என்றார்.

“நாளைக்கே போடுங்க.”

அன்று மதியம் அவர்கள் வீட்டில்தான் ஜெயப்ரியாவுக்குச் சாப்பாடு. இலை போட்டு, சோறு வைத்து, கத்தரிக்காய்க் காரக்குழம்பு ஊற்றினாள் அருக்காணி. எல்லாம் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் சமைத்தது. கலியபெருமாள் ஒரு கவளம் பிசைந்து வாயில் வைத்தார். அவர் முகம் மாறியது.

“இன்னாடி கொழம்பு இது? விருந்தாளி வந்திருக்கசொல்ல, உப்பே…”

சொல்லை முடிக்கவில்லை. அருக்காணி கரண்டியோடு அப்படியே நின்றாள். ஒரு வருஷமாக அந்த வீட்டில் உலைக்கும் உப்புப் போட்டதில்லை, குழம்புக்கும் போட்டதில்லை. கிணற்றுத் தண்ணீரே போட்டுவிடும். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் போடாமல் விட்டுவிட்டாள்.

“இருங்க, இருங்க” என்று அடுப்படிக்கு ஓடினாள். ஜாடி காலி. மூலையில் இருந்த மூட்டையும் காலி. போன சீசனில் உப்பளத்திலிருந்து கொண்டு வந்ததெல்லாம் மரக்கால் மரக்காலாகக் கிணற்றுக்குள் போய்விட்டதே! கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முத்தம்மாள் வீட்டுக்கு ஓடினாள்.

“அடிப்பாவி, மரக்காணத்துல உப்புக் கடன் கேக்குறவ நீ ஒருத்திதாண்டி!” என்று முத்தம்மாள் சிரித்தது இங்கே வரைக்கும் கேட்டது.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அருக்காணி கிண்ணத்தோடு திரும்பி வந்தபோது கலியபெருமாளின் இலை வழித்த மாதிரி இருந்தது. ஒரு பருக்கை மிச்சமில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது, கோபத்தால் அல்ல.

“இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றார்.

“உப்பு போட்டு ஊத்தறேன், இரு.”

“வேணாம். இன்னிக்கு அப்படியே ஊத்து.”