கொளுத்த மறந்த பத்தி

மகள் லாவண்யா ஆறாம் வகுப்பு படிக்கும்போது வில்பட்டி காசிநாதன் எறிந்த விமானம், அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்த பிறகும் தரைக்கு இறங்கவில்லை. விமானம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பால்சா என்ற கனமே இல்லாத கட்டையைப் பிளேடால் சீவி, மெல்லிய தாளை ஒட்டி, வார்னிஷ் பூசிய சாமான். ரப்பர் முறுக்கில் முன்னால் விசிறி சுற்றும், முறுக்கு தீரும்வரை ஏறும், அதற்குப் பிறகு காற்று பார்த்துக்கொள்ளும். வெயில் ஏறிய மலைச்சரிவில் எழும்பும் காற்று சில நாள் அதை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், கீழே இறக்க ஒரு வழியும் வைத்திருந்தார்கள். வாலை ஒரு ரப்பர் வளையம் இழுத்துப் பிடித்திருக்கும். அந்த வளையத்தில் ஒரு துண்டு ஊதுபத்தியைச் செருகி, கொளுத்திவிட்டு எறிய வேண்டும். நெருப்பு வளையத்தைத் தொட்டதும் அது அறும், வால் நிமிரும், விமானம் பதமாகக் கீழே வந்துவிடும். அன்று காசிநாதன் தங்கள் பூண்டுக் காட்டில் நின்று பத்தியைச் செருகித் தீக்குச்சியை உரசிய நேரத்தில் மனைவி முருகேஸ்வரியின் போன் வந்தது. ஓடையில் மோட்டார் சிக்கிக்கொண்டது, பூண்டு காயுது, வெரசா வாங்க என்றார். "இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே காசிநாதன் தீக்குச்சியை ஊதி அணைத்தார், விமானத்தை எறிந்தார்.

வந்துட்டேன் என்றவர் வரவில்லை. கொடைக்கானலில் அப்போது கையால் விமானம் செய்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. எறிந்தவன் அது இறங்கும்வரை இடத்தைவிட்டு நகரக் கூடாது, தன் கையாலேயே எடுக்க வேண்டும், அதுவரை பறப்பு முடிந்ததாகக் கணக்கில்லை என்பது சங்கத்தின் ஒரே விதி. லாட்ஜுகளில் கெய்சர் ரிப்பேர் செய்துகொண்டிருந்த காசிநாதன் அந்த விதிப்படி பூண்டுக் காட்டிலேயே நின்றுவிட்டார். தகரத்தில் ஒரு கூரை போட்டுக் கொடுத்தார்கள். மற்ற சோலிகளுக்கு வேலிவரை போய்வரச் சங்கம் கூடிப் பேசி அனுமதித்தது. முருகேஸ்வரி முதலில் திட்டினார், பிறகு தூக்குவாளியில் சோறு அனுப்பினார், பிறகு யோசித்தார். விமானத்தின் நிழல் சுற்றுகிற காட்டில் காட்டுமாடு கால் வைப்பதில்லை என்பதை முதலில் கவனித்தவர் அவர்தான். "நின்னதுதான் நின்னீங்க, சும்மா நிக்காம களையாச்சும் எடுங்க" என்று ஒரு களைக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வருடம் பூண்டு நன்றாக விளைந்தது.

சங்கம் தேய்ந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். அதில் இருந்தவர்கள் மேதைகள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏரிக்கரையில் லாட்ஜ் வைத்திருக்கும் ராஜமுருகன் மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து ஒட்டும் விமானம், கையைவிட்ட வேகத்தில் பக்கத்துக் காட்டு முட்டைக்கோஸில் குத்தி நிற்கும். மற்றவர்கள் செய்தவை அந்த அளவுக்குக்கூடப் போகாது. பிறகு பால்சா கட்டை வருவது நின்றது. பார்சலில் ரெடிமேடாகத் தெர்மாகோல் விமானம் வந்தது, பெட்டியைப் பிரித்தால் போதும், பறந்தது. அதற்குப் பிறகு ட்ரோன் வந்தது. ஒவ்வொருவராக பிளேடையும் பசையையும் ஏறக்கட்டினார்கள். சாப்பாட்டு மேஜை திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் ஒருவரின் மனைவி பூம்பாறை முருகனுக்கு மொட்டை போட்டுக்கொண்டார். காசிநாதனின் பறப்பு முடியாததால் சங்கத்தைக் கலைக்க மட்டும் முடியவில்லை. ராஜமுருகனுக்கு அது கௌரவக் குறைச்சலாக இருந்தது. "ஏலே காசி, அஞ்சு நிமிசத்துல எறக்கித் தாரேன் பாரு" என்று புது ட்ரோனோடு வந்தார். ட்ரோன் இரைந்துகொண்டு மேலே போனது, சத்தமே இல்லாமல் மிதக்கும் விமானத்தின் பின்னாலேயே கொஞ்ச நேரம் சுற்றியது, பேட்டரி தீர்ந்து முட்டைக்கோஸில் குத்தி நின்றது. அவருக்குப் பழக்கமான இடம்தான்.

ஜீப் டிரைவர்கள் இதற்குள் அந்த வரப்புக்கு பிளேன் பாயிண்ட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மக்காச்சோளம் சுடுகிற வண்டியும் குதிரைகளும் வந்தன. மூடுபனியில் ஒன்றுமே தெரியாத நாளிலும் டிரைவர்கள் "அந்தா, அந்தா" என்று விரலை நீட்டினார்கள். சுற்றுலாக்காரர்களும் பார்த்துவிட்டதாகச் சொன்னார்கள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது லாவண்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பண்ணைக்காடு, காபியும் மிளகும் உள்ள வீடு. வேண்டுதல் இருந்ததால் பழனி அடிவாரத்தில் மண்டபம் பிடித்தார்கள். லாவண்யா காட்டுக்கு வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள்.

"சித்தப்பா தாரை வார்த்துக் குடுக்கட்டும்னு எல்லாரும் சொல்றாகப்பா. நான் முடியாதுன்னுட்டேன். நீங்கதான் வரணும்."

காசிநாதன் அழுதார். மேலே பார்த்தபடியே அழுததால் கண்ணீர் காதுக்குள் போனது. "அது எறங்கிருச்சுன்னா இனிமே ஒண்ணும் மேல போகாதும்மா. செய்ய ஆளும் இல்ல, கட்டையும் இல்ல. இது ஒண்ணுதான் கெடக்கு" என்றார். விதி அவருக்கு ஒரு சாக்குதான் என்பது அன்றைக்குத்தான் ஊர்க்காரர்களான எங்களுக்குப் புரிந்தது. மனிதர் பயந்துபோய் நின்றிருக்கிறார்.

முருகேஸ்வரிக்கு இந்த மாதிரிப் பேச்சைக் கேட்கப் பொறுமை இல்லை. வீட்டுக்குப் போய்ச் சாமி மாடத்திலிருந்து பத்திப் பாக்கெட்டை எடுத்து வந்தார். "மலை உச்சியில இருக்கிற முருகனுக்கு நாம வீட்ல இருந்தே பத்தி பொருத்துறோம். அவருக்குப் போய்ச் சேருதுல்ல? இதுக்குச் சேராதா? அன்னைக்குக் கொளுத்த மறந்ததை இன்னைக்குக் கொளுத்துங்க."

காசிநாதன் மகளைப் பார்த்தார். எறிந்த நாளுக்குப் பிறகு அவர் வானத்தைவிட்டு முகத்தை முழுதாகக் கீழே இறக்கியது அப்போதுதான். இவ்வளவு வளர்ந்துவிட்டாளா என்று அவருக்குத் திக்கென்றது. ஒரு பத்தியை அளவு பார்த்து ஒடித்துப் பூண்டுப் பாத்தியில் குத்தினார், தீக்குச்சியை உரசினார். முருகேஸ்வரி தன் போனை முன்னாலேயே அணைத்து வைத்திருந்தார். பத்தி பிடித்துக்கொண்டது. அது மண்ணைத் தொடும்வரை எரிந்து முடிந்ததும் மேலே வால் நிமிர்ந்தது. விமானம் அவசரப்படாமல் இறங்கி வந்து காசிநாதனின் காலடியில் உட்கார்ந்தது. தாள் எங்கும் கிழியவில்லை. வாலில் செருகியிருந்த பத்தி சாம்பலாகியிருந்தது. தன் கையால் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

நிழல் மட்டும் நிற்கவில்லை. அது முதலிலிருந்தே தரையில்தான் இருந்தது, இறங்குவதற்கு அதற்கு வேறு இடமும் இல்லை. மேலே ஒன்றும் இல்லாமல் அதே வட்டத்தில் அதே வேகத்தில் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

கல்யாணத்துக்குக் காசிநாதன் வெள்ளனே கிளம்பி, விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் பழனிக்கு இறங்கினார். மகளைத் தாரை வார்த்தார். பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் ராஜமுருகன் எழுந்து சங்கத்தைக் கலைத்தார். விமானம் இப்போது லாவண்யா வீட்டில் மிளகு மூட்டைகளுக்கு மேலே தொங்குகிறது. காசிநாதன் மறுபடி கெய்சர் பார்க்கப் போகிறார். பழக்கதோஷத்தில் மேலே பார்த்தே நடப்பதால் லாட்ஜ் கண்ணாடிக் கதவுகளில் இடித்துக்கொள்கிறார். ஜீப் டிரைவர்கள் விரலைக் கீழே நீட்டப் பழகிவிட்டார்கள். பூண்டுக் காட்டில் காட்டுமாடு இன்னும் இறங்குவதில்லை. முருகேஸ்வரி களை எடுக்கும்போது நிழல் தன் பக்கமாக வந்தால், களைக்கொத்தைத் தூக்கிக்கொண்டு, மிதித்துவிடாமல் காலை ஒதுக்கி வழிவிடுகிறார். அது கடந்து போனதும் குனிந்து வேலையைப் பார்க்கிறார்.