டபுள் டூட்டி நாளில் ஒரு பூசை

என் வீட்டுக்காரர் பரமசிவம் தீட்சை வாங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. விடிந்தால் குளித்து, தன் சிவலிங்கத்துக்குப் பூசை செய்யாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். தீட்சை இல்லாத நான் அந்தப் பூசைப் பெட்டியைத் தொடக் கூடாது. அவர் சாப்பிடாமல் நானும் சாப்பிடுவதில்லை. அது யாரும் சொல்லாமல் நானே பிடித்துக்கொண்ட பிடிவாதம்.

ஞாயிறுதோறும் எங்கள் குவார்ட்டர்ஸில் சாத்திர வகுப்பு வேறு. கையால் செய்யும் பூசை உசத்தியா, மனசுக்குள் செய்வது உசத்தியா என்று நாலு பேர் மூன்று மாதமாகத் தொண்டை வற்றப் பேசினார்கள். காபி போட்டு இடுப்பொடிந்தது எனக்கு.

ஒருநாள், சுரங்கத்தில் இரவு ஷிப்ட் முடிந்து ஆறரைக்கு வர வேண்டியவர் வரவில்லை. அடுத்த வீட்டுச் சிங்காரவேல்தான் சைக்கிளை நிறுத்திச் சொன்னார்.

"அண்ணி, அண்ணனை மாத்திவுட வேண்டிய ரிலீவர் வரலீங்க. அண்ணன் டபுள் டூட்டி பாத்துகினு இருக்காரு. ரெண்டு மணிக்குத்தான் வுடுவாங்க."

போன வருஷம் இப்படித்தான் பட்டினியோடு நின்று, மெஷின் ஏணியிலிருந்து மயங்கி விழப் பார்த்தார். பூசைப் பெட்டிக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். மந்திரமா தெரியும் எனக்கு?

"ஒருநாள் பூசை இல்லாட்டா உமக்கு என்ன கெட்டுப்போச்சு? அவர் விழாம வீடு வந்து சேரணும். அதுவரைக்கும் நானும் வாயில ஒண்ணும் வைக்க மாட்டேன்" என்று உள்ளே இருந்த சிவனோடு சண்டை பிடித்தேன். அழுகையும் வந்தது.

இரண்டரைக்கு வந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"எட்டு மணிக்கு கரி போற பெல்ட் நின்னுபோச்சு, சுப்பு. மெஷினுக்கு வேலை இல்லை. கேபின்ல கண்ணை மூடி, அபிஷேகம், அலங்காரம் எல்லாம் மனசுக்குள்ளேயே செஞ்சேன். அப்புறம் கேன்டீன்ல நாலு இட்லி சாப்பிட்டேன்."

"நாலு இட்லியா!" எனக்கு வந்த கோபத்தில் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் மூடியிருந்த சோற்றுப் பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ இன்னும் சாப்பிடலையா?"

குளிக்கப் போவார் என்று நினைத்தேன். கையை மட்டும் கழுவிக்கொண்டு, தட்டை எடுத்து, சோறு போட்டு, குழம்பு ஊற்றி என் முன்னால் வைத்தார்.

"பெட்டியைத் திறக்கலையே, பூசை?" என்றேன்.

"அவருக்குக் காலையிலேயே ஆச்சு. உனக்குத்தான் ஆகலை. சாப்பிடு."