பலவேசத்தின் பேஸ் கித்தாருக்குள் போன சாரல்

“எம்மேல பழியப் போடாத. நான் சுத்துன காயில்ல ஒரு சொட்டு ஈரம் கெடையாது.”

“அப்பம் இது எங்கன இருந்து வருது?”

“ஒன் பாலீஷுக்குள்ள இருந்துதான். சாரல் நாள்ல லாக்கர் அடிச்சா பூத்துப்போவும்னு தென்காசில பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும்.”

“பூக்கலையே, கிதிரண்ணே. பூத்திருந்தா சொரண்டிப்போட்டு மறுபடி அடிச்சிருப்பேனே. கண்ணாடி கணக்கால்லா இருக்கு.”

“கண்ணாடி கணக்காத்தான் இருக்கு. கண்ணாடிக்கு உள்ளதான் குத்தாலமும் இருக்கு.”

1979ஆம் வருடம் ஆனி மாதம் பதினேழாம் தேதி காலை பத்தரை மணிக்கு, தென்காசி ரயில்வே கேட்டுக்குத் தெற்கே ஒரு தகரக் கொட்டகையில், பேஸ் கித்தார் ஒன்றின் கனத்த கம்பியை மீட்டியபோது அதிலிருந்து சாரல் பெய்தது. வெளியே நல்ல வெயில். மீட்டிய பலவேசத்தின் சட்டை தோள்வரை நனைந்தது. ஃபேன் மோட்டார்களுக்குக் காயில் சுற்றும் கிதிர் முகம்மது, கித்தாருக்கும் தானே காயில் சுற்றிக் கொடுத்திருந்ததால், முதல் வேலையாக பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். கொட்டகைக்குச் சொந்தக்காரியான தங்கபுஷ்பம் கையை நீட்டிச் சாரலை ஏந்தி, முகர்ந்து பார்த்தாள். தின்னர் வாசனை கொஞ்சம்கூட இல்லை. ஈரப்பாறை வாசனையும் மலைமேல் எங்கோ பழுத்த பலாவின் வாசனையும் இருந்தன.

தங்கபுஷ்பத்துக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. லாரிகளுக்கு வண்ணம் அடிப்பது தொழில். புளியறை செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளத்துக்குப் போகும் லாரிகளில் மூன்றுக்கு ஒன்று அவள் கையில் நிறம் மாறியதுதான். அவள் வரையும் தாமரை எல்லாம் லேசாக இடதுபக்கம் சாய்ந்திருக்கும் என்பதால், செக்போஸ்ட்டுக்காரர்கள் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கித்தாரை அவள் அதுவரை தொட்டது கிடையாது. பலவேசம்தான் திரிகூடம் மெல்லிசைக் குழுவின் பேஸ் வாசிப்பவன். கொச்சியில் கலைந்துபோன ஓர் ஓட்டல் பேண்டுக்காரனிடம் தன் மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டு அந்தக் கித்தாரை வாங்கி, தேங்காய் லோடு ஏற்றிய லாரியில் மடியில் வைத்துக்கொண்டு வந்திறங்கினான். 1962இல் ஜெர்மனியில் செய்தது என்று உள்ளே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. வெளியே யாரோ ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற பச்சை எனாமலை இரண்டு கோட்டு அடித்து வைத்திருந்தார்கள். கழுத்து வில்லாக வளைந்திருந்தது. கம்பியின் சத்தத்தைப் பிடிக்கும் காயில் செத்துப்போயிருந்தது. சித்திரை முழுக்க அவனை ஊரே கேலி பேசியது. “ஏலே பலவேசம், அதுல துணி காயப்போடலாமா, இல்ல கூரைக்கு முட்டுக் குடுக்கலாமா?” என்று கேட்டார்கள். தங்கபுஷ்பம் மட்டும் கேலி செய்யவில்லை. லாரி பாடியும் மரம், இதுவும் மரம் என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டால் பச்சையைச் சுரண்டினாள். அடியில் நீலம். நீலத்துக்கு அடியில் தந்த நிறம். அதற்கும் அடியில் மரம், பிறந்த குழந்தையின் உள்ளங்கால் மாதிரி. உப்புத்தாள் போட்டு, ரேகைகளை அடைத்து, மறுபடி தேய்த்தாள். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை சைக்கிள் கடைச் சாவியால் நாளுக்குக் கால் திருகு என்று முறுக்கி, பத்தொன்பது நாளில் நிமிர்த்தினாள். கிதிர் முகம்மது தலைமயிரைவிட மெல்லிய கம்பியை ஏழாயிரம் சுற்று சுற்றினார். நாலாயிரத்தில் டீ குடிக்கப் போய் எண்ணிக்கை மறந்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். இப்படியாக வைகாசி போய் ஆனி வந்துவிட்டது.

தென்காசியில் ஆனி பிறந்தால் லாக்கர் என்கிற பளபளப்பு வார்னிஷ் அடிக்கமாட்டார்கள். தகரம் தட்டுவார்கள், பட்டி பார்ப்பார்கள், பிரஷ்ஷால் எழுத்து எழுதுவார்கள். லாக்கர் மட்டும் ஆவணி முடியட்டும் என்று மூடி வைத்துவிடுவார்கள். காற்றில் இருக்கும் ஈரத்தை லாக்கர் குடித்துவிட்டு, பால் சிந்தினது போல் வெள்ளையாகப் பூத்துவிடும். தங்கபுஷ்பத்துக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் பலவேசத்துக்குப் பதினேழாம் தேதி மேலகரத்தில் கச்சேரி. பதினான்காம் தேதி மத்தியானம் சாரல் விட்டு அரைமணி நேரம் வெயில் அடித்தது. இவ்வளவு போதும் என்று ஸ்பிரே கன்னை எடுத்துவிட்டாள். முதல் கோட்டில் தேன் நிறம், இரண்டாவதில் ஓரமெல்லாம் கருஞ்சிவப்பு. மூன்றாவதாக வெறும் கண்ணாடி லாக்கர் அடித்துக்கொண்டிருந்தபோது சாரல் திரும்பிவந்து, கொட்டகையின் திறந்த பக்கமாக உள்ளே நுழைந்து, கித்தார்மேல் உட்கார்ந்தது. வேறு யார் அடித்திருந்தாலும் பூத்திருக்கும். அவள் கை அவ்வளவு சீராக ஓடியதால் லாக்கர் சாரலின் மேலேயே மூடிக்கொண்டது. காய்ந்தபின் பார்த்தால், சாய்வான வெளிச்சத்தில் உள்ளே நூல் நூலாக எதுவோ இறங்கிக்கொண்டிருந்தது. அதில் முகம் பார்த்தால் முகத்துக்குப் பின்னால் மலை தெரிந்தது. தங்கபுஷ்பம் அன்று மத்தியானம் சாப்பிட மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வருடத்தில் அவள் அடித்த எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது என்பது அவளுக்குத் தெரிந்தது.

மேலகரம் கச்சேரியில் முதல் மூன்று வரிசை நனைந்தது. யாரும் எழுந்து போகவில்லை. அந்தச் சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் வயிற்றில் கேட்டது என்றும், கேட்டவர்களுக்கெல்லாம் நன்றாகப் பசித்தது என்றும் சொல்வார்கள். ஒரு மாதத்தில் பலவேசத்தைக் கூப்பிடாத கோயில் கொடைத் திருவிழா இல்லை. சிவகிரியில் அம்மனே சாரலோடு வந்ததாகக் குலவை போட்டார்கள். அடுத்த தெருவில் மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்தவர்கள் மட்டும் குலவை போடவில்லை. தபேலாக்காரர் தோல் தொய்கிறது என்று கோபித்துக்கொண்டு, பிறகு குடை கட்டிக்கொண்டு வாசிக்கப் பழகினார். இத்தனை ஈரத்திலும் ஒருவருக்கும் ஷாக் அடிக்கவில்லை. அந்தப் பெருமை முழுவதையும் கிதிர் முகம்மது எடுத்துக்கொண்டார்.

குற்றாலத்தில் அதே பதினான்காம் தேதி மத்தியானத்திலிருந்து சாரல் இல்லை. பேரருவி கயிறாகி, கயிறு நூலாகி, ஆடி ஐந்தாம் தேதி பாறை காய்ந்துபோய் அதன்மேல் குரங்குகள் பேன் பார்த்துக்கொண்டிருந்தன. சீசனுக்கு வந்தவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றார்கள், அப்படியே ஊருக்குப் போனார்கள். அந்த வருடம் தென்காசி ஸ்டேஷனில் புறப்பட்ட ரயில்பெட்டிகளின் ஜன்னல் பலகையெல்லாம் மதுரை தாண்டியும் வழுக்கியது. பேரருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களுக்குத் தலைவர் குற்றாலிங்கம். அவர்தான் மேலகரத்துச் சாரலை முகர்ந்துபார்த்துவிட்டு விஷயத்தைக் கண்டுபிடித்தார். துண்டு மட்டும் கட்டியிருந்த பதினான்கு பேரோடு டவுன் பஸ்ஸில் வந்து கொட்டகை வாசலில் இறங்கினார். சீட்டு வழுக்கும் என்று கண்டக்டர் அவர்களை நின்றுகொண்டே வரச் சொல்லிவிட்டார்.

“தங்கபுஷ்பம், இவுகளப் பாரு. விழுப்புரத்துக்காரங்க. முந்தாநாள் தேச்ச எண்ண. இன்னும் குளிக்கல.”

“கெணத்துல குளிக்கக் கூடாதா அண்ணாச்சி?”

“கெணத்துல குளிக்கவா தாயி ரயிலேறி வந்தாவ? ஒங் கித்தார்ல இருக்கது எங்க சாரல். அதத் தொறந்துவிடு.”

பதினான்கு பேரும் மினுங்கிக்கொண்டு நின்றார்கள்.

அவள் குண்டூசியால் ஒரு துளை போட்டுப் பார்த்தாள். அது தானே மூடிக்கொண்டது. கித்தாரை மூன்று நாள் வெயிலில் வைத்தாள். அது வியர்த்ததே தவிர எதையும் விடவில்லை. மிச்சமிருந்தது ஒரே வழி, மூன்று கோட்டு லாக்கரையும் மரம்வரை சுரண்டுவது. அதைக் கேட்டதும் பலவேசம் கித்தாரை எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டான். சட்டை நனைந்தது. “அக்கா, குத்தாலத்துக்கு அடுத்த வருசமும் சாரல் வரும். எனக்கு இந்தச் சத்தம் அடுத்த வருசம் வருமா?” என்றான். வானொலி நிலையத்தில் அவனுக்கு ஆவணியில் தேர்வு வைத்திருந்தார்கள். தங்கபுஷ்பம் அவனுக்காக மட்டும் தயங்கவில்லை. இன்னொரு தடவை அப்படி ஒரு பளபளப்பு தன் கையில் வருமா என்று அவளுக்கும் தெரியாது. இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று குற்றாலிங்கத்தை ஒரு வாரம் அலையவிட்டாள்.

எட்டாம் நாள் ஒரு லாரிக்கு நம்பர் எழுதுவதற்காகப் பண்பொழிக்குப் போனாள். வழி நெடுக நாற்றங்கால்கள் தண்ணீரில்லாமல் மஞ்சளடித்து நின்றன. வரப்பில் நின்ற பெண்கள் அவளை அடையாளம் கண்டும் திட்டவில்லை. மலையைப் பார்ப்பதும் நாற்றைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். தங்கபுஷ்பம் நம்பரை எழுதி முடித்தாள். திரும்பி வந்து பலவேசத்தைக் கூப்பிட்டாள். “ஏலே, கித்தார எடு. நீயே பிடிச்சுக்கோ. நான் சொரண்டுதேன்.”

பேரருவிக்குக் கீழே காய்ந்த பாறையில் காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தார்கள். பலவேசம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்துக்கொண்டான். கண்ணாடித் துண்டு ஓட ஓட லாக்கர் வெங்காயத்தோல் போலச் சுருண்டு எழும்பியது. ஒவ்வொரு சுருளிலிருந்தும் ஒரு முழம் சாரல் வெளியே வந்து, கொஞ்சநேரம் நின்று வழி யோசித்துவிட்டு, மலைமேல் ஏறிப்போனது. பதினான்கு வருடத்தில் கண்ணாடி அவள் விரலை வெட்டியது கிடையாது. அன்று மூன்று விரலை வெட்டியது. மத்தியானம் மூன்று மணிக்குத் தேன் நிறமும் போய் வெறும் மரம் தெரிந்தது. நாலு மணிக்கு அருவி விழுந்தது. அதுவரை எண்ணெயோடேயே காத்திருந்த விழுப்புரத்துக்காரர்கள் பதினான்கு பேரும் அவளைத் தாண்டி ஓடினார்கள். மறுநாள் வெள்ளம் அதிகம் என்று போலீஸ்காரர்கள் கயிறு கட்டிக் குளிக்கத் தடை போட்டார்கள். குற்றாலிங்கம் அதற்கும் தங்கபுஷ்பத்தைத்தான் குறை சொன்னார்.

கித்தாருக்கு அவள் பிறகு லாக்கர் அடிக்கவில்லை, எண்ணெய் மட்டும் பூசிக் கொடுத்தாள். சத்தம் நன்றாகத்தான் இருந்தது, கேட்டவர்களுக்குப் பசிக்கவில்லை. வானொலி நிலையத்தில் அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். பலவேசம் கல்யாணம் செய்துகொண்டான், கொடைகளுக்கு வாசித்தான், மோட்டார் சைக்கிள் இல்லாமல் பஸ்ஸில் போய்வந்தான். சென்னையிலிருந்தும் கோட்டயத்திலிருந்தும் பழைய பேஸ் கித்தார்கள் தங்கபுஷ்பத்தைத் தேடி வரத் தொடங்கின. எல்லாவற்றையும் அவள் மாசிக்கும் சித்திரைக்கும் இடையில் முடித்து அனுப்பினாள். எல்லாம் பளபளவென்று இருந்தன. எதிலும் மலை தெரியவில்லை.

குற்றாலத்தில் ஓர் ஏற்பாடு வந்தது. ஆனி முதல் தேதி குற்றாலிங்கம் ஒரு கூடை மங்குஸ்தான் பழத்தோடு கொட்டகைக்கு வருவார். பழத்தைக் கொடுத்து, காப்பி குடித்து, அவளுடைய ஸ்பிரே கன்னின் வாயில் கோயில் மஞ்சள் நூலால் ஏழு முடிச்சுப் போட்டுவிட்டுப் போவார். ஆவணி கடைசியில் வந்து அவரே அவிழ்ப்பார். இதில் இருதரப்புக்கும் மனத்தாங்கல் இல்லை. லாட்ஜ்காரர்கள், முடிச்சுப் போட்டாயிற்றா என்று கேட்டுக்கொண்டுதான் அறைகளுக்கு வெள்ளையடிப்பார்கள். 1981இல் அவர் காய்ச்சலில் கிடந்து நான்கு நாள் தாமதமாக வந்தபோது, தங்கபுஷ்பமே கன்னை எடுத்துக்கொண்டு எதிரே வந்துவிட்டாள்.

1982ஆம் வருடம் ஆனி ஒன்றாம் தேதி முடிச்சுப் போட்டுவிட்டுக் குற்றாலிங்கம் ரயில்வே கேட்டைத் தாண்டியிருக்கமாட்டார். சாரலில் நனைந்துகொண்டு பலவேசம் வந்தான். கித்தாரைத் துண்டில் சுற்றிப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கியிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. பழத்தைத் தின்னச் சொன்னாள். அவன் ஒன்றை உடைத்துக் கையிலேயே வைத்திருந்தான்.

“அக்கா, ஒரு விசயம் யோசிச்சேன். அன்னைக்கி மூணு கோட்டு அடிச்சீய. சாரல் பூராவும் உள்ள போச்சு. ஒரு கோட்டு அடிச்சா ஒரு நா சாரல்தான போவும்?”

“யாரு சொன்னா ஒனக்கு?”

“கணக்கு அப்படித்தான வருது. ஞாயித்துக்கெழம வேண்டாம். செவ்வாக்கெழம அடிங்க, அன்னைக்கிக் குத்தாலத்துல கூட்டம் கம்மி. நான் ஒரே ஒருக்க வாசிச்சுக் கேட்டுட்டு நானே சொரண்டிருதேன். அதுக்குமேல ஆச இல்ல.”

“இன்னைக்கே செவ்வாக்கெழமதாம்லே.”

“தெரிஞ்சுதான் வந்தேன்.”

தங்கபுஷ்பம் துண்டை விலக்கிப் பார்த்தாள். மரம் மூன்று வருட எண்ணெயில் கறுத்திருந்தது. ரேகைமேல் விரலை ஓட்டினாள். அந்த நேரம் சாரல் நின்றது. கொட்டகையின் திறந்த பக்கத்தில் வெயில் வந்து, தொங்கிக்கொண்டிருந்த ஸ்பிரே கன்மேலும் மஞ்சள் நூல்மேலும் விழுந்தது. அரைமணி நேரத்துக்குக் குறையாத வெயில் என்று இரண்டு பேருக்கும் பார்த்ததும் தெரிந்தது.

“அந்த முடிச்ச மட்டும் அவுத்துவிடுங்கக்கா,” என்றான் பலவேசம்.