ரோட்டில் என் பங்கு

1

இந்தக் கதை எனக்குப் போனில் வந்தது. பாதி படித்த நாவல் மார்பின் மேல் குப்புறக் கிடக்க, நானும் பாதித் தூக்கத்தில் கிடந்த ஒரு மதியம். பல நாடுகளில் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் எடுக்கும் கருத்துக்கணிப்பு என்று சொல்லி, ஒரு பெண் மூச்சு விடாமல் வாசித்தாள்:

“மோட்டார் வாகன ஓட்டுநர்களுடன் சாலையைப் பங்கிட்டுக்கொள்ளும்போது தாங்கள் எந்த அளவுக்குப் பாதுகாப்பாக உணர்கிறீர்கள்? ஒன்று முதல் பத்துக்குள் கூறவும்.”

“பங்கா? பத்திரம் யார் பேர்ல இருக்கு?” என்றேன்.

மறுமுனையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் ஒலி. “எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க” என்றாள்.

நான் என்ன எண் சொன்னேன் என்பது மறந்துவிட்டது. சிரிப்பு மறக்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு ஓர் ஆளைச் செய்யலாம் என்று உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: “கால்வாயோரமாகப் பனி இறங்கிய காலையில், அவள் தன் நீலச் சைக்கிளை—”

வேண்டாம். இது நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் வருகிற சைக்கிள். அவற்றில் எல்லாரும் கூடையில் ரொட்டியைப் போட்டுக்கொண்டு யோசித்தபடியே போகிறார்கள். ஒருவருக்கும் பின்னால் லாரி வருவதில்லை.

இரண்டாவது தொடக்கம்: “அவளுடைய சைக்கிளில் சீட் இல்லை.”

இது இருக்கட்டும்.

3

அவளுடைய சைக்கிளில் சீட் இல்லை. மாடிப்படிக்கு அடியில், சீட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழாய் மட்டும் மொட்டையாக நின்றது. பூச்சி போகாமலிருக்க அண்ணி அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

சீட் அண்ணனிடம் இருந்தது. அண்ணன் பஸ் டிரைவர். போன மாதம் பெரிய ரவுண்டானாவில் ஒரு கார் முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரனை அலறவிட்டது. அவள் திடுக்கிட்டு விழுந்தாள். முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. ஆனால் எதிர்ப்பக்கம் பஸ் நிறைய ஆட்களோடு போய்க்கொண்டிருந்த அண்ணன், கண்ணாடியில் தங்கை தரையில் கிடப்பதைப் பார்த்துவிட்டான். அங்கே நிறுத்த முடியாது. அடுத்த நிறுத்தம் வரைக்கும் ஓட்டினான். அன்று சாயங்காலம் ஒரு வார்த்தை பேசாமல் சீட்டைக் கழற்றி, தன் பஸ்ஸில் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் போட்டுவிட்டான்.

(ஹாரன் அடித்ததே அண்ணன்தான் என்று ஒரு வரைவில் எழுதினேன். கதைக்கு அது நல்லது. அந்த வீட்டுக்கு நல்லதில்லை. அடித்துவிட்டேன்.)

* “புது சீட் ஒண்ணு வாங்கினா கதை முடிஞ்சுதே” என்றாள் வரைவைப் படித்த என் தோழி. வாங்கலாம். ஆனால் கழற்றியவனே மாட்ட வேண்டும் என்று கதையில் இருப்பவள் நினைக்கிறாள். இதில் என் பேச்சு எடுபடவில்லை.

4

அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர் வைத்தது அண்ணி. கருத்துக்கணிப்பு அலுவலகத்தில் பஞ்சு பிய்ந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெளிநாடுகளில் தமிழ் பேசுகிறவர்களிடம் நாள் முழுக்க அந்தச் சாலைக் கேள்வியைக் கேட்பதுதான் அவள் வேலை. அங்கே ஒரே சட்டம்: எழுதியிருப்பதை எழுதியபடியே வாசிக்க வேண்டும், விளக்கக் கூடாது. யாரோ எங்கோ அந்தக் கேள்வியை மொழிபெயர்த்தபோது ‘பங்கிட்டு’ என்று போட்டுவிட்டார்கள். அது அப்படியே நாடு நாடாகப் போய்க்கொண்டிருந்தது.

“பங்கா? சொந்த அண்ணன் தம்பிக்குள்ளயே அது நடக்கலம்மா, லாரிக்காரனோட நடக்குமா? ரெண்டு போடு” என்றார் ஒரு தையல்காரர்.

சைக்கிளுக்கென்றே சிவப்புப் பாதை போட்ட ஊரிலிருந்து ஒரு நர்ஸ்: “எட்டு. இங்க லாரியே நின்னு, போங்கன்னு கையைக் காட்டறாங்க. எதுக்கு நிக்கறாங்கன்னு எனக்கு இன்னும் சந்தேகம்தான். இருந்தாலும் எட்டு.”

அகலமான சாலைகள் உள்ள நாட்டிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார்: “மூணு. ரோடு அவ்வளவு பெருசு. அதுல நான் இருக்கறதே ஒருத்தன் கண்ணுக்கும் தெரியல.”

நெரிசலுக்குப் பேர்போன ஒரு நகரத்திலிருந்து, பின்னணியில் நூறு ஹாரன் ஒலிக்க, ஒரு பேக்கரிக்காரர்: “ஒம்பது.”

“ஒம்பதா சார்?”

“யாராலயும் வேகமா போக முடியாதும்மா. இடிச்சாலும் பேசிக்கிட்டேதான் இடிப்போம்.”

கேள்விக்காரி ஒன்பதைப் பதிவு செய்தாள். அவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சீட் இல்லாத சைக்கிளுக்கு எந்த எண்ணைச் சொல்வது?

5

(இங்கே பயத்தைப் பற்றி ஒரு நீண்ட பத்தி இருந்தது. பயம் என்பது சாலையில் இருக்கிறதா, முதுகில் இருக்கிறதா என்று தொட— போதும். வீட்டுக்குப் போவோம்.)

அண்ணன் வேலை முடிந்து வந்து காலை நாற்காலியில் தூக்கிப் போட்டிருந்தான். உள்ளே அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கேள்விக்காரி எதிரில் போய் நின்றாள்.

“அண்ணா, எனக்குப் பங்கு வேணும்.”

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

அண்ணன் காலை இறக்கினான். “இப்ப என்ன திடீர்னு? மாடி உனக்குன்னு அப்பா இருக்கும்போதே பேசினதுதானே. நான் எப்பவாவது இல்லைன்னேனா? யாரு உனக்கு ஏத்திவிட்டாங்க?”

“மாடியை எடுத்துக்கட்டும். மிக்ஸி என் அம்மா வீட்டுது, இப்பவே சொல்லிட்டேன்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“வீட்டுல இல்ல அண்ணி. ரோட்டுல.”

குழாய் மறுபடி ஓடியது. அதற்கு மேலாக அண்ணி சிரிப்பது கேட்டது.

அண்ணன் சிரிக்கவில்லை. “ரோடு விளையாட்டில்ல.”

“தெரியும். அதான் முறையா கேக்கறேன்.” அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு அலுவலகக் குரலில், சைக்கிள்காரர் இருந்த இடத்தில் டிரைவரை வைத்துத் திருப்பிக் கேட்டாள். சட்டத்தை மீறியது அதுதான் முதல் தடவை. “சைக்கிள் ஓட்டுகிறவர்களுடன் சாலையைப் பங்கிட்டுக்கொள்ளும்போது தாங்கள் எந்த அளவுக்குப் பாதுகாப்பாக உணர்கிறீர்கள்? ஒன்று முதல் பத்துக்குள் கூறவும்.”

“ஒண்ணு” என்றான் அண்ணன் உடனே.

“உனக்கென்ன பயம்? அவ்வளவு பெரிய வண்டியில உக்காந்திருக்கே.”

“பெருசா இருக்கறதாலதான். கண்ணாடியில சைக்கிள் வரும். வந்துட்டு காணாமப் போகும். அது திரும்பத் தெரியற வரைக்கும் பிரேக்ல இருந்து காலை எடுக்க மாட்டேன். எல்லா சைக்கிளும் இப்ப நீதான்.”

இந்தப் பதிலை நான் திட்டமிடவில்லை. அவனைக் கொஞ்சம் வில்லனாக வைத்திருந்தேன். மூன்றாம் பகுதியில் அவன் மேல் போட்டிருந்த ஒரு கடுமையான உரிச்சொல்லைப் போய் எடுத்துவிட்டு வந்தேன்.

கேள்விக்காரியும் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். “எங்க போறேன்னு முன்னாடியே கையை நல்லா நீட்டறேன். உன் கண்ணாடியில தெரியற இடத்துலயே வரேன். நீயும் உன் ஆளுங்களும் முதுகுக்குப் பின்னாடி வந்து அலறவிடாதீங்க. ஆளுக்குப் பாதி.”

“கையை நீட்டுனா போதாது. அரைகுறையா நீட்டிட்டு மடக்கிக்குவே. உன்னைத் தெரியாதா எனக்கு?”

“மடக்க மாட்டேன்.”

“நீட்டிக் காட்டு.”

அவள் நீட்டினாள். நாற்காலியில் இருந்த துணி, மேசை மேல் இருந்த டம்ளர் எல்லாம் விழுந்தன.

“அந்த டம்ளரும் என் அம்மா வீட்டுதுதான்” என்றாள் அண்ணி.

மறுநாள் சாயங்காலம் சீட் வீட்டுக்கு வந்தது. ஸ்பேனரோடு மாடிப்படிக்கு அடியில் குனிந்த அண்ணன், மாட்டினான், கழற்றினான், அவளை நிற்க வைத்து உயரம் பார்த்தான், மறுபடி மாட்டினான். கடைசியில் தானே ஏறி உட்கார்ந்து பார்த்தான்.

“இறங்குண்ணா, பாவம் அது” என்றாள் அவள்.

6

இனி முடிவு. என்னிடம் சில இருக்கின்றன.

ஒன்றில், அவள் அலுவலகம் போய்ச் சேர்ந்து ஹெட்போனை மாட்டித் தனக்குத் தானே பத்து போட்டுக்கொள்கிறாள். பத்தெல்லாம் அந்தச் சிவப்புப் பாதை ஊரிலேயே யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றில், “அப்போது பின்னாலிருந்து—”

அதை எழுத மாட்டேன். பேனா என் கையில் இருக்கும்வரை அந்த லாரி டிப்போவை விட்டுக் கிளம்பாது.

மூன்றாவது இது. காலை. பெரிய ரவுண்டானா. நேற்றைய மழைத் தண்ணீர் ஓரத்தில் தேங்கியிருக்கிறது. கேள்விக்காரி வருகிறாள். ஒரு பக்கம் அண்ணனின் பஸ், அவள் அவனுடைய கண்ணாடியில் தெரிகிற இடைவெளியில், அவள் வேகத்துக்கு நடை போடுகிறது. “அண்ணே, ஆபீசுக்கு லேட்டாவுது” என்கிறது பஸ்ஸுக்குள் ஒரு குரல். “குடும்பப் பங்கு விஷயம், கொஞ்சம் பொறுங்க” என்கிறார் கண்டக்டர். ஜன்னலோரம் இருப்பவர்கள் எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள்.

அவள் கையை நீட்டுகிறாள். அரைகுறையாக இல்லை. தோளிலிருந்து விரல் நுனி வரை, அந்தச் சாலையில் தனக்கு எவ்வளவு என்று அளந்து காட்டுவதைப்போல.

அண்ணனோடு பங்கு தீர்ந்தது. ஆனால் அவளுக்கு நேர் பின்னால் ஒரு கார் வருகிறது. அதில் இருப்பவரின் முகத்தை எழுத எவ்வளவோ முயன்றேன், வரவில்லை. இப்போதுதான் காரணம் புரிகிறது.

அந்தக் காரை ஓட்டுவது நீங்கள். உங்களுக்கும் அவசரம்தான், தெரியும். கட்டைவிரல் ஹாரன் மேல் இருக்கிறது.

அவள் கையை இன்னும் மடக்கவில்லை.