சாட்சிக்குத் தழைச்சத்து

கடலைப் புண்ணாக்கைக் குழவியால் உடைத்து, இரண்டு வாளியில் தனித்தனியாக ஊறப்போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு வாளி எங்கள் வீட்டுக் கஞ்சாச் செடிக்கு. அது என் வீட்டுக்காரர் வழக்கில் சாட்சி.

கொல்லையில் செடி முளைத்து நின்றதைப் போலீஸ் பார்த்தபோது, குருவி போட்ட விதை என்று அவர் சொன்னார். நீதான் போட்டாய் என்று அவர்கள் சொன்னார்கள். யார் போட்டது என்று செடிக்குத்தான் தெரியும். அப்போது அது ஒரு சாண்கூட இல்லை. சாட்சி சொல்லும் வயது வரும்வரை வீட்டிலேயே வளரட்டும் என்று ஜட்ஜ் ஐயா சொல்லிவிட்டார். பெயின்ட் டப்பாவுக்கு மாற்றி, அரக்குச் சீல் வைத்துக் கொடுத்தார்கள். அவரை ஜாமீனில் விட்டார்கள். செடி பட்டுப்போனால் சாட்சியைக் கலைத்த குற்றம், அவர் மறுபடி உள்ளே போக வேண்டும். செடியின் கண்ணில் அவர் படவும் கூடாது. பார்த்தால் அது பயந்து மாற்றிச் சொல்லிவிடும். அதனால் விடிந்தது முதல் பொழுது சாயும்வரை உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்.

இலையை எண்ண ஸ்டேஷனிலிருந்து தவமணி அக்கா தினமும் காலையில் வருவார். நாற்பத்தொரு இலை இருந்தபோது அடியில் இருந்தவை மஞ்சளாகின. அக்கா ஒன்றைத் திருப்பிப் பார்த்தார்.

"அடி இலையிலதான் ஆரம்பிக்குது. தழைச்சத்து பத்தல. புண்ணாக்கு கரைச்சு ஊத்து, கிளி," என்றார் என்னிடம்.

ஒரு படி ஊற்றினேன். மறுநாள் அவரும் ஒரு தூக்குவாளியோடு வந்தார்.

"உன் வீட்டுச் சோத்த மட்டும் தின்னா சாட்சி உங்க பக்கம் சாஞ்சிரும்ல," என்று அரசுத் தரப்பில் ஒரு படி ஊற்றினார்.

அடுத்து இலை ஓரம் கருகியது. சாம்பல் சத்து என்றார். நான் ஒரு பிடி அடுப்புச் சாம்பல் போட்டேன், அவர் ஸ்டேஷன் எதிரில் இருக்கும் டீக்கடையிலிருந்து ஒரு பிடி. பிறகு நுனியெல்லாம் வெந்தது மாதிரி ஆகி, இலைகள் பருந்துக் கால் போலக் கீழே வளைந்தன. முப்பத்துமூன்று. அக்கா நோட்டில் எழுதி என் கையெழுத்தை வாங்கினார்.

"இருபதுக்குக் கீழ போச்சுன்னா உன் ஆளை வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க. பாத்துக்க."

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. நான் ஊட்டியது தெரியாமல் மாமியாரும் ஊட்டிவிட்டால் எங்கள் பாப்பா இப்படித்தான் துவண்டு போகும். ஆனால் யூனிஃபார்ம் போட்டவரிடம் எப்படிச் சொல்வது, எனக்கு வாய் வராது. மூன்று நாள் போனது. ஏழு இலை விழுந்தது. நாலாம் நாள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாப்பாவிடம் சொன்னேன்.

"பாப்பா, அத்தைகிட்ட கேளு. ரெண்டு பேரு ஊட்டினா வயிறு தாங்குமான்னு."

அக்காவும் பாப்பாவைப் பார்த்தே பேசினார். "அடியே, உங்கம்மாவுக்கு நாக்கு இருக்கா! இத்தன நாளா எந்த டப்பாவுல போட்டு வச்சிருந்தா?"

"பச்சத் தண்ணியா ஊத்திக் கழுவிவிடணும்னு சொல்லு பாப்பா. அப்புறமா ஆளுக்குப் பாதி போட்டா போதும்னு சொல்லு."

"சரின்னு சொல்லு உங்கம்மாகிட்ட."

மூன்று குடம் நான், மூன்று குடம் அரசு. டப்பாவின் ஓட்டையில் வழிகிற தண்ணீர் தெளியும்வரை ஊற்றினோம். விழுந்தது விழுந்ததுதான். ஆனால் உச்சியில் புது இலை பச்சையாக வந்தது.

போன திங்கட்கிழமை செடி கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போனது. டவாலி மூன்று தரம் கூப்பிட்டார். கூண்டில் தூக்கி வைத்தோம். யார் விதைத்தது என்று ஜட்ஜ் ஐயா கேட்டார். செடி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இலையை எல்லாம் ஜன்னல் பக்கம் திருப்பியது. அங்கே வெயில் மட்டும்தான் இருந்தது.

எங்கள் வக்கீல் எழுந்தார். "ஐயா, சாட்சி வெளிச்சத்தில் இருக்கிறவரைத்தான் காட்டும். என் கட்சிக்காரர் நிழலில் நிற்கிறார்."

நியாயம்தான் என்று வாய்தா போட்டார்கள். அதுவரை சாட்சியும் என் வீட்டுக்காரரும் ஒரே வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். இரண்டில் எது வாடினாலும் ஜாமீன் ரத்து.

அவரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தோம். உள்ளறையில் இருந்தது ஐந்து மாதம். தவமணி அக்கா அவர் காது மடலைத் திருப்பிப் பார்த்தார்.

"அடியிலதான் மஞ்சள். தழைச்சத்து."

இன்று காலை சிமெண்ட் தொட்டி வந்து இறங்கியது. அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி நின்றார். முழங்கால் வரைக்கும் செம்மண் போட்டாயிற்று. "குளுகுளுன்னு இருக்கு கிளி," என்கிறார். இரண்டாவது வாளி அவருக்கு. மனுஷனுக்கு ஆளுக்கு அரைப் படியா, கால் படியா என்று அக்காவிடம் கேட்க வேண்டும், பாப்பா எழுந்திருக்கட்டும் என்று பார்க்கிறேன்.

"ஏ கிளி! சீல் வைக்கணும், உன் ஆளு ஆடாம வந்து பிடி!"

அக்கா கூப்பிடுகிறார். கையைக் கழுவிவிட்டுப் போக வேண்டும். என் வீட்டுக்காரருடைய இடது தோளில் ஒரு துளிர் விட்டிருக்கிறது, அதை இன்றைய கணக்கில் சேர்ப்பதா, இல்லை விரிந்தபிறகா?