எல்லை தாண்டிய மிதவைகள்

அமெரிக்காவின் மேன் மாநிலக் கடற்கரையில் ஒருவனுடைய தண்ணீரில் இன்னொருவன் சிங்கி இறால் கூண்டு போட்டால் யாரும் போலீசுக்குப் போக மாட்டார்கள். வந்தவனின் கூண்டைக் கயிற்றால் பிடித்திருக்கும் மிதவையில் ஒரு முடிச்சுப் போடுவார்கள். பார்த்துவிட்டோம், மரியாதையாக நகர்ந்துகொள் என்று அதற்கு அர்த்தம். நகராவிட்டால் கத்திதான். கயிறு அறுந்தால் கூண்டு கடலடியிலேயே கிடக்கும்.

எதிர்க்கரை டுவைட்டின் ஆரஞ்சு மிதவைகள் எல்லையான பாறைத்திட்டைத் தாண்டிக் கோரீனின் தண்ணீருக்குள் வந்து உட்கார்ந்திருந்தன. அவள் முடிச்சுப் போட்டாள். மனிதர் அதை அவிழ்த்துவிட்டு மறுபடியும் அங்கேயே கூண்டை இறக்கினார். என்ன திமிர் பாருங்கள்! இலையுதிர்காலப் பிடிப்பு முழுவதும் அவளுக்கு அந்தத் தண்ணீரில்தான். அது போனால் குளிர்காலத்தில் வீட்டில் உலை கொதிக்காது.

தம்பி லைல் கத்தியோடு நின்றான். கோரீனுக்கும் வயிறு எரிந்தது. ஆனால் அவர் கயிற்றை இவர்கள் அறுத்தால் இவர்கள் கயிற்றை அவர் அறுப்பார். போன சண்டையில் இரண்டு துறைக்காரர்களும் ஒரு பருவத்தையே தொலைத்தார்கள். அதோடு இன்னொன்றும் அவளை உறுத்தியது. வெளிக்கடலில் அள்ளு அள்ளென்று அள்ளிய மனிதர், இந்தக் கரையோரத்துக்கு எதற்கு வருகிறார்? கேட்டுவிட்டு வருகிறேன் என்றாள்.

"கேக்குறதுக்கு அவன் என்ன உன் சம்பந்தியா?" என்றான் லைல்.

எதிர்க்கரைத் துறையில் அவள் படகு போய் நின்றபோது கயிறு வாங்க ஒருவரும் கை நீட்டவில்லை. டுவைட் இரைத்தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சண்டைக்கு வரலை அண்ணே. வெளிக்கடலை ஏன் விட்டீங்கன்னு கேக்க வந்தேன்."

அவர் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார். படகில் அவருக்குக் கூட மாட நின்றது மனைவி ஜாய்ஸ்தான். வசந்தகாலத்திலிருந்து அவளுக்கு வலிப்பு வருகிறது. தனியே விட முடியவில்லை. வெளிக்கடலுக்குப் போனால் திரும்பவே அரைநாள் ஆகும். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர வேண்டுமென்றால் கரையோரம்தான் கதி.

"முடிச்சு மட்டும் போட்டீங்க. ஏன்டா வந்தேன்னு ஒருத்தரும் கேக்கலம்மா."

கோரீனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. முடிச்சுப் போட்டவளே அவள்தானே. இவருக்கு வேண்டியது என் தண்ணீர் இல்லை, ஜாய்ஸுக்குத் துணைக்கு ஓர் ஆள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆளுக்கா பஞ்சம்? கோரீனின் துறைக் கொட்டகையில் லைலின் மனைவி நாடீனும் நாலைந்து பேரும் தினமும் கூண்டுக்கு வலை பின்னுகிறார்கள். நாடீன் ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவள். காலையில் ஜாய்ஸை அங்கே விட்டுவிட்டுப் போங்கள் என்றாள் கோரீன்.

"ஆனா உங்க கூண்டு ஒண்ணுகூட என் தண்ணில இருக்கக்கூடாது," என்று கறாராகவும் சொன்னாள்.

"உன் தம்பி ஒத்துக்குவானா?"

"அவனை நான் பாத்துக்கிறேன்."

லைல் குதித்தான். எல்லை தாண்டியவனுக்கு விருந்து வைக்கிறாயா என்றான். நாடீன் ஒரு பார்வை பார்த்தாள். அடங்கினான்.

அந்த வாரமே ஆரஞ்சு மிதவைகள் கிளம்பின. டுவைட் வெளிக்கடலுக்குப் போன முதல் நாள், மதியம் படகுகளோடு பேசும் கொட்டகை ரேடியோ கரகரத்தது. ஜாய்ஸ் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். குரலில் பயம் அப்படியே தெரிந்தது. கோரீன் எழுவதற்குள், வலை பின்ன உட்கார்ந்திருந்த லைல் ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டான். அவளுக்குப் பக்கென்றது.

"நல்லா இருக்காங்க," என்றான் லைல். "நான் பின்னுன வலையப் பாத்து, மீன் சிரிக்கும்னு கேலி பண்றாங்க. நீங்க பதறாம கூண்டையெல்லாம் தூக்கி முடிச்சுட்டு வாங்க அண்ணே."