கணு வரை இறங்கிய அங்குஸ்தான்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எலும்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டால் அரை மணி நேரத்துக்குத் தையல்காரி சிலைதான். வெறும் வயிறு, முழு டம்ளர் தண்ணீர், அப்புறம் குனியக் கூடாது, படுக்கக் கூடாது. மாத்திரை தொண்டைக்குள் தங்கினால் புண்ணாகிவிடுமாம். நாள் முழுக்கக் குனிந்தே பிழைத்தவளுக்கு இப்படி ஒரு தண்டனை பாருங்கள்!

"இப்படி வெறச்சு உக்காந்திருக்கியே, போட்டோ பிடிக்க ஆள் இன்னும் வரலியாம்மா?" என்று மகள் வம்புக்கு இழுத்தாள். இருபத்திரண்டு வயது, ஓர் அலுவலகத்தில் டைப் அடிக்கிற வேலை. வாய் மட்டும் ஓயவே ஓயாது.

அந்தக் குடும்பத்தில் விரல் நுனி குட்டையாவதை யாரும் வியாதியாக நினைத்ததே இல்லை. அதற்குப் பேர் 'தொழில் விரல்'. தையல்காரியின் அப்பா, அத்தை, எல்லோருக்கும் நாற்பதுக்குள் நுனி மழுங்கி நகம் அகன்றுவிடும். ஊசி தேய்த்துவிட்டது என்பார்கள். அதில் ஒரு பெருமை வேறு, என்ன கர்மமோ! அதனால்தான் அவள் மகளை ஊசிப் பக்கமே விடவில்லை. "ஊசியத் தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்" என்று மிரட்டியே வளர்த்தாள்.

மூன்று மாதத்துக்கு முன் துணிக்கட்டைத் தூக்கும்போது முதுகில் சுருக்கென்றது. எலும்பு டாக்டரிடம் போனால், முதுகெலும்பு ஒன்று நசுங்கியிருந்தது. அவரோ முதுகை விட்டுவிட்டு அவள் விரல்களையே பார்த்தார்.

"இது தையலால வந்தது இல்லம்மா. பரம்பரை. எலும்பு தானா கரையுது, ரொம்ப அபூர்வம். மாத்திரை அந்த வேகத்தக் குறைக்கும். போனதத் திருப்பித் தராது. பிள்ளைங்க இருக்காங்களா?"

"ஒரே பொண்ணு."

"அவங்களுக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சீக்கிரம் கூட்டிட்டு வாங்க. முன்னாடியே தெரிஞ்சா இருக்கிற எலும்பக் காப்பாத்தலாம்." மகளுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டு இன்றுவரை தையல் மெஷினின் கீழ்த் தட்டில், மாத்திரை டப்பாவுக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறது. ஊசியைத் தொடாத பெண்ணுக்கு எப்படி வரும் என்று பழைய பேச்சையே மனசு பிடித்துக்கொண்டது. பயந்தாங்கொள்ளி, வேறென்ன சொல்ல! மகளின் விரலைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். போன வாரம் மகள் ஒட்டுத்தாளை நகத்தால் கிளப்ப முடியாமல் பல்லால் கடித்து இழுத்தாள். முந்தாநாள், "விரல் நுனியெல்லாம் வலிம்மா, டைப் அடிச்சே தேஞ்சுபோச்சு" என்று சிரித்தாள்.

"சட்டை பட்டன் தொங்குது. நீதான் சிலையாச்சே, நானே தைச்சுக்கறேன்" என்று மகள் இப்போது எழுந்தாள்.

"வேணாம்டி, வெச்சிடு. அரை மணி ஆகட்டும்."

மகள் எங்கே கேட்டாள்? ஊசிப்பெட்டியைத் திறந்து அங்குஸ்தானை எடுத்தாள். ஊசி குத்தாமலிருக்க நடுவிரலில் மாட்டுகிற இரும்புத் தொப்பி அது. விரல் குறையக் குறைய உள்ளே நுனியில் காலி விழுந்தது. தையல்காரி அதில் துண்டுத்துணியைத் திணித்துக்கொண்டே வந்தாள். இப்போது பாதி துணிதான். நுனி குறையாத முழு விரலுக்கு அது கணு வரை இறங்காது, நுனியிலேயே ஆடிக் கழன்றுவிடும்.

கழன்று விழு, விழுந்து தொலை என்று தையல்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மகள் மாட்டினாள். அது வழுக்கிக்கொண்டு கணு வரை இறங்கிக் கச்சிதமாக உட்கார்ந்தது.

"அட! எனக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கும்மா!" விரலை ஆட்டி ஆட்டிக் காட்டினாள்.

கடிகாரத்தில் இன்னும் பதினோரு நிமிடம் பாக்கி இருந்தது. தையல்காரி கீழ்த் தட்டுக்குக் குனிந்தாள்.

"ஐயையோ, குனியாதம்மா! என்ன அது?"

"உனக்கு எழுதுனதுடி. மூணு மாசமா என்கிட்டயே இருக்கு."

மகள் அங்குஸ்தானைக் கழற்றாமலே சீட்டைப் பிரித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"மூணு மாசமாவா?" என்று கேட்டாள்.